மூன்றாவது படுக்கை

"சிரியும் ரஞ்சி. பல்லுத் தெரியச் சிரியும். ஐஸ்கிறீமைக் கொஞ்சம் மேலை தூக்கிப் பிடியும்."

"மழை பெய்யுது. மழைக்குள்ளை நிண்டு ஆரும் ஐஸ்கிறீம் குடிப்பினமே?"

"இது மழையே? தூறல். படத்திலை தெரியாது."

சிவபாலன் கமராவைக் காரின் மூக்கில் வைத்தான். அது சரியாமல் இருக்க அடியில் கைலேஞ்சியை மடித்துக் கொடுத்தான். தானாகப் படம் எடுக்கும் பொத்தானை அமத்திவிட்டு மணலில் ஓடிவந்து மனைவியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றான். மனோரஞ்சிதம் சிரித்தாள். கமரா 'கிளிக்' என்றதும் அந்தச் சிரிப்பை இரவல் நகையைக் கழற்றுவதுபோலக் கழற்றிவிட்டாள்.

"கடல் நீலமா வருமோ?"

"வராமல்? கடையிலை விக்கிற போஸ்ட்காட்டிலை நீலமாத்தானே இருக்கு."

பின்னால் கடல், சட்டி கழுவிய தண்ணீரின் நிறத்தில் கிடந்தது. லொக்கன் கடற்கரையில் காரை மணலிலேயே ஓட்டிக்கொண்டு போகலாம். ஜூலையில் தொழிற்சாலைகள் மூடியதும் டென்மார்க்கில் பாதிப் பேர் காருக்குப் பின்னால் கட்டிலும் மேசையும் உள்ளே வைத்த கரவன் என்ற வெள்ளைப் பெட்டியைக் கொளுவிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். கிரின்ஸ்டெட்டில் சிவபாலனோடு வேலை செய்யும் சுவெண்டுக்கு இந்த முறை முழங்காலில் ஒப்பரேஷன். "சும்மா வளவுக்குள் நின்று பாசி பிடிக்கப் போகிறது, கொண்டு போ" என்று தன் கரவனின் திறப்பைக் கொடுத்துவிட்டான்.

புறப்படுவதற்கு முதல்நாள் பக்கத்து வீதித் தங்கமலர் கேலி செய்தாள்: "என்ன ரஞ்சியக்கா, ரெண்டாவது தேனிலவோ?"

"முதலாவது எப்ப நடந்தது, ரெண்டாவது வர?" என்றாள் மனோரஞ்சிதம். தங்கமலர் விழுந்து விழுந்து சிரித்தாள். மனோரஞ்சிதம் பகிடிக்குச் சொல்லவில்லை.

இது தேனிலவு இல்லை. படம் எடுக்க வந்த பயணம். எடுக்கிற படங்கள் எல்லாம் ஒரே ஒருத்திக்கு. அவள் பெயர் அபிதா. அவுஸ்திரேலியாவின் வடக்குக் கரையில், டார்வின் நகரத்தில் இருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு ஏழு வயது. மனோரஞ்சிதம் பெற்ற பிள்ளை அவள். ஆனால் அவள் அம்மா என்று கூப்பிடுவது மனோரஞ்சிதத்தின் தங்கை தவமணியை. மனோரஞ்சிதம் அவளுக்குப் பெரியம்மா.

போன வருஷம் தவமணியும் கணவன் தேவராசாவும் பிள்ளையோடு ஒரு கரவனை இழுத்துக்கொண்டு டார்வினிலிருந்து மேற்கே நெடுந்தூரம் போய் வந்தார்கள். அந்தப் பயணத்தின் படங்கள் ஒரு தடித்த உறையில் வந்தன. செம்மண் வீதி. வயிறு பருத்த மரங்கள். முதலை இருக்கிறது, குளிக்காதே என்று எழுதிய பலகை. அதற்குப் பின்னால் அல்லி பூத்த குளம். வெயில் படத்துக்கு வெளியேயும் வழிந்தது. எல்லாப் படத்திலும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சின்னத் தொப்பி. ஒரு படத்தில் அந்தத் தொப்பிக்காரி தன்னைப்போல மூன்று மடங்கு உயரமான ஒரு புற்றில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

"ஐயோ, பிள்ளையைப் புத்திலை சாயவிட்டிட்டுப் படம் எடுக்கிறாளே! உள்ளுக்குப் பாம்பிருந்தால்?" என்று அன்றைக்கு மனோரஞ்சிதம் பதறினாள்.

"அங்கத்தைப் புத்திலை பாம்பில்லை. கறையான்தான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சிவபாலனுக்குத் தெரியாது. படத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் பென்சிலால், ஆங்கிலத்தில், கோணல் எழுத்தில், 'இது எங்கள் ஓடும் வீடு. நான் மேல்கட்டிலில் படுப்பேன்' என்று எழுதியிருந்தது. அதுதான் அவன் தலைக்குள் ஏறியது. மேல்கட்டில் உள்ள ஒரு கரவன் வேண்டும். வடக்கே போக வேண்டும். கடல் வேண்டும், ஐஸ்கிறீம் வேண்டும். எங்களிடமும் இதெல்லாம் இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

சுவெண்டின் கரவனில் இரண்டு பேர் படுக்கும் மெத்தைக்கு மேலே ஒரு சின்னக் கட்டில் இருந்தது. புறப்பட மூன்று கிழமைக்கு முதலே, வளவுக்குள் நின்றபோது, சிவபாலன் அதைப் படம் எடுத்து டார்வினுக்குத் தபாலில் அனுப்பிவிட்டான். படத்துக்காக மனோரஞ்சிதம் குதிரைப் படம் போட்ட விரிப்பு ஒன்று வாங்கி அதில் விரித்தாள். சின்னத் தலையணை வைத்தாள். பயணத்திலும் அந்த விரிப்பு அங்கேயே இருந்தது. மூன்று நாளாக இருவரும் ஈரச் சப்பாத்தையும் குடையையும் காலுக்குள் போட்டு மிதித்துக்கொண்டு திரிந்தார்களே தவிர, அந்தக் கட்டிலில் ஒரு துவாயைக்கூட வைக்கவில்லை.

ஏழு வயதானதும் தவமணி பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுவாள். கிறிஸ்மஸ் லீவுக்கு டென்மார்க்குக்கு அனுப்புவாள். வந்து பார்த்துவிட்டு எங்கே இருப்பது என்று பிள்ளையே சொல்லட்டும். அக்காவும் தங்கையும் தொலைபேசியில் அழுது அழுது பேசி ஒத்துக்கொண்டது இது. நாளைக் காலை பேசும்போது தவமணி சொல்லியிருப்பாள். மறுமுனையில் அந்தக் குரல் என்ன சொல்லிக் கூப்பிடும் என்பதை மட்டுமே மனோரஞ்சிதம் இந்த மூன்று நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதும் அதுதான். சிரி என்றால் சிரித்ததும் அதற்குத்தான்.

பின்னேரம் கரவன்கள் நிற்கும் புல்வெளிக்குப் போனார்கள். முன்னுக்கு இழுத்துக்கொண்டு போவதற்கு சிவபாலன் பழகிவிட்டான். பின்னுக்கு எடுப்பதுதான் பிடிபடவில்லை. சுக்கானை ஒரு பக்கம் திருப்பினால் பெட்டி மற்றப் பக்கம் போனது.

"இடது! இடது!" என்று மனோரஞ்சிதம் வெளியே நின்று கத்தினாள்.

"என்ரை இடதோ, உம்மடை இடதோ?"

"எனக்கென்ன தெரியும்? மரத்திலை இடிக்கப் போறியள், அது மட்டும் தெரியும்!"

பக்கத்துக் கரவனில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஒரு வயதான மனிதர் எழுந்து வந்தார். காரிலிருந்து பெட்டியைக் கழற்றச் சொன்னார். இன்னும் இரண்டு பேரைக் கைதட்டிக் கூப்பிட்டார். எல்லோருமாகக் கையால் தள்ளி இடத்தில் விட்டார்கள்.

அவர் பெயர் போல். ஓகூஸில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இங்கர் கோப்பிப் போத்தலோடும் நாலு கோப்பையோடும் வந்துவிட்டாள். மழை விட்டிருந்தது. மடக்குக் கதிரைகளைத் துடைத்துப் போட்டார்கள்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று போல் டெனிஷில் கேட்டார்.

"கிரின்ஸ்டெட்."

"அதைக் கேட்கவில்லை. அதற்கு முதல்?"

"சிறிலங்கா."

"தமிழர்களா?"

சிவபாலன் தலையாட்டினான். போல் எழுந்து தொப்பியைக் கழற்றினார். இரண்டு பேருக்கும் கை கொடுத்தார்.

"தொலைக்காட்சியில் எல்லாவற்றையும் பார்த்தோம். உங்கள் குடும்பங்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தார்கள். நான் காலமெல்லாம் அதைச் செய்த அமைச்சரின் கட்சிக்கு வோட்டுப் போட்டவன். வெட்கமாக இருக்கிறது. நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

"பரவாயில்லை" என்றான் சிவபாலன், பஸ்ஸில் காலை மிதித்தவருக்குச் சொல்வதுபோல.

"பரவாயில்லையா? இதற்காக ஜனவரியில் ஒரு அரசாங்கமே விழுந்ததே!"

மனோரஞ்சிதம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரியில் அந்தச் செய்தி வந்த அன்று கிரின்ஸ்டெட் தமிழர்கள் ஆளுக்கு ஆள் தொலைபேசி எடுத்தார்கள். தங்கமலர் வீட்டில் கேசரி கிண்டினார்கள். அவளும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அரசாங்கம் விழுந்ததில் அவளுக்கு என்ன திரும்பி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

"என்றாலும் கடைசியில் சேர்ந்துவிட்டீர்கள், அதுதான் பெரிது" என்று இங்கர் அவளுடைய கையைத் தொட்டாள். "பிள்ளைகள்?"

"இல்லை" என்றான் சிவபாலன்.

கேள்வி முடியும் முன்னமே சொல்லிவிட்டான்.

கரவனுக்குள் சண்டை பிடிப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. எழுந்து போவதற்கு அடுத்த அறை இல்லை. வீட்டில் அவனுக்குப் பின்னேர வேலை. அவள் முதியோர் இல்லத்துக்கு விடியப் போய்விடுவாள். நாலு வருஷம் அப்படியே ஓடியது. சண்டைக்கு நேரம் கிடைத்ததில்லை. இப்போது இரண்டு முழங்காலும் முட்டுகிற தூரத்தில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம்.

"டக்கெண்டு இல்லை எண்டு சொல்லிப்போட்டியள்."

"வேறை என்ன சொல்ல? பேப்பரிலை உள்ளதைத்தான் சொன்னனான்."

"அந்த மனுசி என்ன பொலிஸோ? கோப்பி ஊத்தித் தந்த மனுசி. அவவுக்கு என்ன பேப்பர்?"

"சத்தம் போடாதையும் ரஞ்சி. பக்கத்திலை ஆக்கள்."

"அவைக்குத் தமிழ் விளங்குமே?"

"சத்தம் விளங்கும்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதும் அது இன்னும் கூர்மையானது. "இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் நான் மலடி. டெனிஷ் படிக்கப் போன இடத்திலை மலடி. வேலையிடத்திலை மலடி. தங்கமலர் எனக்கு ஓகூஸிலை ஆரோ ஒரு டொக்டரின்ரை பேர் சொல்லுறாள், கையைக் காட்டச் சொல்லி. நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன். இண்டைக்கு, இந்த ஒரு நாளாவது, ஆரெண்டே தெரியாத ரெண்டு கிழடுகளிட்டை உங்கடை வாயாலை ஒருக்கால் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கெண்டு."

"சொன்னால் ஏன் இஞ்சை இல்லை எண்டு கேப்பினம். பிறகு தவமணியவையின்ரை கதை வரும். ஒரு வாய் ரெண்டு வாயாகி அங்கை போய்ச் சேர்ந்தால், அவையின்ரை விசாவுக்கே ஆபத்து."

"பேப்பருக்குத்தானே எண்டனீங்கள்."

சிவபாலன் யன்னல் திரையை இழுத்து மூடினான்.

"கொழும்புக்குப் போன் எடுத்துச் சொன்னனீங்கள். 'பேப்பருக்குத்தானே ரஞ்சி. ரெண்டு மாசத்திலை உம்மையும் எடுத்து, அவளையும் எடுத்துப் போடுவன்.' ஞாபகம் இருக்கே?"

ஞாபகம் இருந்தது. எண்பத்தாறில் அவன் டென்மார்க்குக்கு வந்தபோது அபிதா வயிற்றில் இருந்தாள். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட அவன் போட்ட விண்ணப்பம் கோப்பன்ஹேகனில் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. கேட்கும்போதெல்லாம் பொறு என்றார்கள். அங்கே ஊரில் செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் எஞ்சினியரான தேவராசாவுக்கு அவுஸ்திரேலியா விசா சரிவந்தது. பிள்ளை இல்லாத தம்பதி. அபிதாவைத் தங்கள் பிள்ளை என்று பதிந்து கொண்டுபோகிறோம், அவளாவது தப்பட்டும் என்றார்கள். தேவராசாவுக்குத் தெரிந்த ஒருவர் பிறப்புச் சான்றிதழுக்கு வழி செய்தார். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் எம்பசியில் பிள்ளையை ஏதாவது கேட்டால்? விமான நிலையத்தில் பிள்ளை தாயைப் பார்த்து அழுதால்? இரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் பாடம் சொல்லிக் கொடுப்பது?

மனோரஞ்சிதம்தான் சொல்லிக் கொடுத்தாள். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை. தவமணியைக் கட்டிலில் இருத்திவிட்டு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, "அம்மா எங்கை?" என்று கேட்பாள். பிள்ளை திரும்பி அவளுடைய கன்னத்தில் கை வைக்கும். "இல்லை. அம்மா அங்கை" என்று தவமணியைக் காட்டுவாள். "இது பெரியம்மா. சொல்லு, பெரியம்மா." சரியாகச் சொன்னால் ஒரு டொபி. பிழையாகச் சொன்னால் டொபியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிடுவாள். தவமணி கட்டிலில் இருந்து அழுவாள், "போதும் அக்கா" என்பாள். "நீ சும்மா இரு, பிள்ளை குழம்பிப்போடும்" என்று மனோரஞ்சிதம் அதட்டுவாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு கிழமைக்குள் பிடித்துக்கொண்டது. விமான நிலையத்தில் தவமணியின் தோளில் இருந்துகொண்டு, "பெரியம்மா, டாட்டா" என்று கை காட்டியது. எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

அடுத்த சித்திரை பிறக்கும் முன் டென்மார்க் விசா வந்தது. மேசையில் கிடந்தவற்றை எடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவாம். பிள்ளையின் பெயரை விண்ணப்பத்திலிருந்து சிவபாலன் முன்னமே எடுப்பித்துவிட்டான். வந்த விசா ஒருத்திக்கு. பிள்ளை இல்லாதவளுக்கு.

"ஓமெண்டு நான் மட்டுமே சொன்னனான்?" என்றான் சிவபாலன். "நீரும்தானே ஓமெண்டனீர். நான் இஞ்சை பனிக்குள்ளை நிண்டு, நீங்கள் ரெண்டு பேரும் உசிரோடை இருக்கிறியளோ இல்லையோ எண்டு தெரியாமல்…" அவன் மேலே அந்தச் சின்னக் கட்டிலைப் பார்த்தான். "நான் அவளை ஒரு நாளும் தூக்கேல்லை ரஞ்சி. ஒரு நாளும். அது உமக்குத் தெரியுமே?"

"நான் தூக்கினனான். அதாலைதான் எனக்குக் கூட நோகுது." அவள் எழுந்தாள். எழுந்தவளுக்குப் போக இடம் இல்லாததால் திரும்ப இருந்தாள். "இன்னொண்டு பெறுவம் எண்டு நீங்கள் கேக்கேக்கை நான் என்ன சொன்னனான்? முதல் அவள் வரட்டும் எண்டனான். அவள் வந்து, வயித்திலை இன்னொண்டைக் கண்டால், தன்னைக் குடுத்துப்போட்டு வேறை வாங்கினதெண்டு நினைப்பாள். அதுக்காகத்தான். நாளைக்கு அவள் அம்மா எண்டு கூப்பிட்டால் சரி. கூப்பிடாட்டில் நான் உங்களோடை என்னத்துக்கு இருக்கிறன் எண்டு எனக்கே தெரியேல்லை."

வெளியே போல் யாருக்கோ சீட்டில் தோற்றுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். மேலே குதிரை விரிப்பு அப்படியே இருந்தது.

காலையில் மனோரஞ்சிதம் தலைமுழுகி, நல்ல சேலை ஒன்றைக் கட்டி, அதன்மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். டார்வினில் இப்போது பின்னேரம். புல்வெளி வாசலில் உள்ள சின்னக் கடையில்தான் தொலைபேசி இருந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கண்ணாடிக் கதவு போட்ட மூலைக்குள் போய் நின்று, கையில் எழுதியிருந்த எண்ணைச் சுழற்றினாள். சூடான பாண் வாசம் கதவு இடுக்கால் வந்தது.

"அக்கா" என்றாள் தவமணி. பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம்.

"சொல்லிப்போட்டியே?"

"இண்டைக்குக் கேக் வெட்டுறாள் அக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எல்லாம் வந்து நிக்கினம். இண்டைக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"நேற்றுச் சொல்லியிருக்கலாம். முந்தநாள் சொல்லியிருக்கலாம். ஏழு வயசிலை எண்டு நீதானேயடி சொன்னனீ."

"வாயைத் திறந்தனான் அக்கா. ரெண்டு தரம் திறந்தனான். வரேல்லை." தவமணி விசும்பினாள். "எட்டு வயசிலை கொஞ்சம் விளங்கிற வயசு… இரு அக்கா, பறிக்கிறாள்."

ரிசீவர் கை மாறியது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"ஹலோ பெரியம்மா!"

மனோரஞ்சிதம் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "ஹாப்பி பேர்த்டே குஞ்சு."

"தாங்க்யூ. உங்கட கரவன் படம் பார்த்தன். எங்கடையைவிடச் சின்னன்." பாதி ஆங்கிலம், பாதித் தமிழ். தமிழ்ப் பாதி தவமணியின் குரல்போலவே இருந்தது.

"ஓம், சின்னன்தான்."

"மேல்கட்டில்ல ஆர் படுக்கிறது? குதிரை பெட்சீற் போட்டிருக்கு. உங்களுக்குப் பிள்ளையள் இல்லைத்தானே?"

சொல்வதற்கு அவளிடம் ஒரு வசனம் இருந்தது. சமைக்கும்போதும் சைக்கிளில் போகும்போதும் முதியோரைக் குளிப்பாட்டும்போதும் சொல்லிப் பார்த்துத் தேய்த்து மினுக்கி வைத்திருந்த வசனம். தவமணி சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றுதான் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

அதற்குள் பிள்ளை குரலைத் தாழ்த்தியது. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"பெரியம்மா, நீங்கள் போன் எடுக்கிறதெண்டால் அம்மா முதல்நாளே அழுறா. நேற்றும் கிச்சின்ல நிண்டு அழுதவ. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு விடவே இல்லை. நீங்கள் அம்மாட்ட என்ன கேக்கிறீங்கள்?"

வரிசையில் நின்ற ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மனோரஞ்சிதத்தைப் பார்த்துப் புன்னகை செய்தாள். மனோரஞ்சிதமும் புன்னகை செய்தாள்.

"ஒண்டும் கேக்கேல்லைக் குஞ்சு."

"ப்ரொமிஸ்?"

"ப்ரொமிஸ்."

"அம்மாட்ட இருந்து ஒண்டும் எடுக்க மாட்டீங்கள்தானே?"

"நான் ஏன் எடுக்கப் போறன்?"

"அப்ப அந்தக் கட்டில்?"

"அது சாமான் வைக்கிறது. குடை. சப்பாத்து."

"குதிரை பெட்சீற்றுக்கு மேல சப்பாத்தா?" பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. சிரித்துக்கொண்டே, "அம்மா கேக் வெட்டக் கூப்பிடுறா. பை பெரியம்மா" என்று வைத்துவிட்டது.

அம்மா, பெரியம்மா. ஒரு இடத்திலும் பிழை விடவில்லை.

மனோரஞ்சிதம் வெளியே வந்தாள். கடைக்காரப் பெண் எத்தனை பாண் வேண்டும் என்று கேட்டதும் எல்லோரையும்போலவே நாலு வாங்கிக்கொண்டு, கடதாசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி புல்லில் நடந்தாள். பையின் சூடு மழைக்கோட்டைத் தாண்டிச் சுட்டது.

கரவனுக்கு முன்னால் மேசை போட்டிருந்தது. வெள்ளை விரிப்பு. நடுவில் ஒரு கேக். கேக்கைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்பு வெள்ளைக் கொடிகள் குத்தியிருந்தன. இந்த நாட்டில் பிறந்தநாள் என்றால் கொடி இல்லாமல் இல்லை. ஏழு மெழுகுதிரி. போல் தலையைச் சீவித் தொப்பி வைத்துக்கொண்டு நின்றார். இங்கரின் கண்கள் சிவந்திருந்தன. சிவபாலன் சேட்டுப் போட்டு, சவரம் செய்து, கையில் கமராவோடு ஓடிவந்தான்.

"சொல்லிப்போட்டன் ரஞ்சி" என்றான் தமிழில். "முழுக்கச் சொல்லிப்போட்டன். எங்களுக்கு ஒரு மகள் இருக்கு, இண்டைக்கு அவளுக்கு ஏழு வயசு எண்டு. நீர் சொன்னது சரி. சொன்ன பிறகு நெஞ்சிலை இருந்து கல்லிறங்கின மாதிரி இருக்கு. இந்த மனுசன் அழுதுபோட்டார். எங்களுக்காக வழக்கறிஞரிட்டைக் கதைக்கிறனெண்டுறார். வாரும், வந்து இரும்."

இங்கர் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அவளும் போலுமாகப் பிறந்தநாள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த கரவனில் பல் தீட்டிக்கொண்டிருந்தவர்களும் யாருக்கு என்று கேட்காமலே சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிந்ததும் போல் கையை உயர்த்தி ஹுர்ரா என்றார். சிவபாலனும் ஹுர்ரா என்றான். கிரின்ஸ்டெட்டில் எந்தப் பிறந்தநாளிலும் அவன் அப்படிக் கத்தி அவள் கண்டதில்லை.

"பேசினீர்களா?" என்று இங்கர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உங்கள் மகள் என்ன சொன்னாள்?"

எல்லோரும் அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். சிவபாலன் கமராவைக் கண்ணுக்கு உயர்த்தியிருந்தான்.

மனோரஞ்சிதம் பாண் பையை மேசையில் வைத்தாள். டெனிஷில், மொழிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததுபோல ஒவ்வொரு சொல்லாக, பிழை இல்லாமல் சொன்னாள்.

"அவள் என் மகள் இல்லை. என் தங்கையின் மகள்."

இங்கரின் கை தளர்ந்தது. அவள் போலைப் பார்த்தாள். போல் சிவபாலனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏதோ சுகமில்லாத மனிதனைப் பார்ப்பதுபோல ஒரு இரக்கம்தான் இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மெழுகுதிரிகளைக் காற்று ஒவ்வொன்றாக அணைத்தது.

"ரஞ்சி" என்றான் சிவபாலன். கமரா அவனுடைய நெஞ்சில் தொங்கியது. "என்ன இது? ஏன் இப்பிடிச் சொல்லுறீர்? என்னைப் பொய்யனாக்கிறீரே!"

அவள் கத்தியை எடுத்தாள். கொடிகளைப் பிடுங்கி ஒரு பக்கம் வைத்தாள். கேக்கை வெட்டி, முதல் துண்டைத் தட்டில் போட்டு அவனிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்கோ" என்றாள். "பேப்பரிலை உள்ளதைத்தான் சொன்னனான்."